நடுவில் இருபதடி

பட்டிப்பொலவிலிருந்து ஒஹிய வரைக்கும்
சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு
தண்டவாளத்தைத் தட்டித் தட்டி நடக்கிறவன் நான்.
நல்ல இரும்பு மணி மாதிரிப் பேசும்.
வெடிப்பு விட்ட இரும்பு
தொண்டை கட்டினவன் மாதிரி.

உறைபனி விழுகிற தை மாசத்தில்
என் முகம் மட்டும் அடுப்புச் சட்டியாய்ச் சிவந்தது.
கழுத்துவரை நெருப்பு,
ஒரு பீடி பிடிக்கிற நேரம். பிறகு ஒன்றுமில்லை.
"விடியவே கசிப்பா, சிவனு?" என்றார் ஓவசியர்.
வாயை ஊதிக் காட்டினேன்.
புஷ்பமணி ஊதச் சொல்லவேயில்லை.
நம்பாமலே சோறு போட்டாள்.

நாளைக்கு ஏழு தடவை புதருக்குள் ஓடினேன்.
கேஸ் என்றார்கள். பூச்சி என்றார்கள்.
மூன்று வருசம் அதே வெள்ளை மாத்திரை.
மேலிருந்து குழாய் விட்டுப் பார்த்தார்கள், சுத்தம்.
கீழிருந்து விட்டுப் பார்த்தார்கள், சுத்தம்.
நடுவில் இருபதடி.
அங்கே அந்த லைட் எட்டாது.
சுரங்கத்தின் இரண்டு வாயிலும் நின்று எட்டிப் பார்த்துவிட்டு
பாதை சரி என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தால்
வேலை போயிருக்கும்.

பேராதனையில் டாக்டர் நில்மினி
வயிற்றைத் தொடுவதற்கு முன்னால் முகத்தைப் பார்த்தார்.
"சிவக்கிற நேரம் வேர்க்குமா?"
அவர் தமிழ் கொஞ்சம் நொண்டும், ஆனால் நேராகப் போகும்.
வேர்க்காது என்றேன்.
பேனாவைக் கீழே வைத்தார்.

மூன்று நாள் வாழைப்பழம் கூடாது, தக்காளி கூடாது.
ஒரு பகல் ஒரு இரவு மூத்திரம் முழுக்கக்
கேனில் சேர்த்து, துணியைச் சுற்றி,
ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.
பக்கத்துச் சீட்டுக்காரர்
தேனென்று நினைத்து விலை கேட்டார்.

வெட்டின கதையை நர்ஸ் ஷர்மிளா சொன்னாள்.
ஸ்கேனில் தெரிந்தது ஒன்று.
டாக்டர் விடவில்லையாம்.
தொடங்குகிற முனையிலிருந்து முடிகிற முனை வரை
குடலை விரல்களுக்கு நடுவில் வைத்து
அங்குலம் அங்குலமாய்த் தடவிப் போனாராம்.
அந்த நேரம் யாரும் பேசவில்லையாம்.
மிளகளவில் இரண்டாவது.
கடுகளவில் மூன்றாவது.
இரண்டடி எடுத்து, இரு முனையும் கூட்டித் தைத்து,
திரும்பவும் முதலிலிருந்து ஒருமுறை.

கும்பிட்டேன். கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.
"ஈரல்ல ஒரு புள்ளி இருக்கு. அத நான் எடுக்கல்ல.
மெதுவாத்தான் வளரும். மாசம் ஒரு ஊசி."
லட்சத்தில் ஒருத்தருக்கு வருகிற சாதியாம்.
எங்கள் லயத்தில் ஒருவனுக்கும்
இதுவரை லொத்தர் விழுந்ததில்லை.

புது ஜொயிண்ட் போட்ட இடத்தில்
மெதுவாய்ப் போ என்று ரயிலுக்குப் பலகை நடுவோம்.
புஷ்பமணி கஞ்சியை அரைக் கோப்பையாய்த் தருகிறாள்.
முகம் சிவந்தால்
ஊதிக் காட்டச் சொல்கிறாள் இப்போது,
சிரிப்பதற்கு.

நேற்று சுரங்கத்துக்குள், நட்ட நடுவில்,
ஒரு தட்டுக்குச் சத்தம் சரியாய் வரவில்லை.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
குனிந்து, விரலால் தடவினேன்.
ஒஹியவிலிருந்து வண்டி வர
இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.