ஏழு சென்ட்

களியக்காவிளையில், மீன் சந்தைக்குப் பின்னால்,
என் மாடியறைக் கணினி
மூன்று வாரமாக ஒரே வாக்கியத்தைச் சொன்னது:
நினைவகத்தைப் படிக்க இயலவில்லை.

கூடவே ஒரு முகவரியும் தரும்,
பூஜ்ஜியமும் எழுத்தும் கலந்து, நீளமாக.
மறுசர்வே எண் மாதிரி.
தேடிப் போக வழியில்லை.

எனக்குப் பழைய ஆதாரங்களைத் தமிழில் பெயர்ப்பது தொழில்.
திருவிதாங்கூர் காலத்து மலையாளம்,
கரையான் பாதி வாசித்த முத்திரைத்தாள்.
வடக்கே தோடு, கிழக்கே கயாலை,
மேற்கே இன்னாருடைய பலா.
பலா எப்போதோ கட்டிலாகியிருக்கும்;
தாளில் இன்னும் காய்க்கிறது.

நாலாம் பக்கத்தில் திரை நீலமாகும்.
சேமிக்காத மூன்று தலைமுறை
அப்படியே போகும்.

வைரஸ் என்றார்கள். துடைத்தேன்.
விண்டோஸ் என்றார்கள். மாற்றிப் போட்டேன்.
சூடு என்றான் கீழ்வீட்டு ஜெனோ;
பக்கத் தகட்டைக் கழற்றி
மேசை விசிறியை அதன் வயிற்றுக்குத் திருப்பினேன்.
நான் வியர்த்தேன், அது குளிர்ந்தது.
ஐந்தரைக்கு மறுபடியும் நீலம்.

பாறசாலை பினீஷ் போனில் சொன்னான்:
"சேச்சி, ராம் ரண்டெண்ணம் உண்டல்லே, ஒண்ணு ஊரி நோக்கு."
ஊரினேன்.
பென்சில் ரப்பரால் அதன் பொன் பற்களைத் தேய்த்தேன்.
கறுப்பாக வந்தது பத்து வருஷத்துக் காற்று.

ஒரு நிரல், தனக்குக் கொடுத்த இடத்தைத் தாண்டிக்
கால் வைத்தாலும் இதே மெசேஜ் வருமாம்.
சிரித்துவிட்டேன்.
என்னிடம் வருகிறவர்கள் எல்லாருக்கும்
அந்தக் கேஸ்தான்.

ராத்திரி முழுக்கச் சோதனை ஓட்டினேன்.
எழுதும், படிக்கும்,
எழுதியதுதானா என்று பார்க்கும்,
அறை அறையாக, கோடிக்கணக்கான அறை.
முதல் சில்லு விடியும்வரை சுத்தம்.
மறுநாள் இரண்டாவதில், இரண்டே காலுக்கு,
ஒரு சிவப்பு வரி.
ஒரே ஓர் இடம்.
அங்கே ஒன்றை வைத்தால்
பூஜ்ஜியத்தைத் திருப்பித் தருகிறது.

"அதின்றெ ஓர்ம தெற்றுந்நு" என்றான் பினீஷ்.
ஓர்மை, எங்களுக்கும் அதே சொல்தான்.
தெற்றினால் என்ன ஆகும்?
பல நேரம் ஒன்றும் ஆகாது. சில நேரம் நீலம்.
எப்போதாவது மெசேஜே வராது சேச்சி,
எழுதினது மட்டும் மாறியிருக்கும்.
ஏழு மூணாகும்.
உள்ளே ரெண்டுக்கும் ஒரு பிட்தான் வித்தியாசம்.

போனை வைத்துவிட்டுக் கட்டை அவிழ்த்தேன்.
அந்த மாதம் கொடுத்தவை நாற்பத்தொன்று.
மூலத்தோடு விரல் வைத்து ஒத்துப் பார்த்தேன்.
சாயா ஆடை கட்டியது.
முப்பத்தெட்டாவது, தாசையனுடையது.
மூலத்தில் ஏழு சென்ட்.
என் கையெழுத்துக்கு மேலே
3 சென்ட்.

தாசையனும் தம்பி ஞானாபரணமும்
பதினோரு வருஷம் முகம் பார்க்காதவர்கள்.
திருத்தம் சொல்லத்தான் கூப்பிட்டேன்.
நான் வாய் திறக்கும் முன் அவர்:
"படிச்சுப் பாத்தேன் மக்களே.
எனக்க பங்கு மூணுதான்னு இருக்கு.
சும்மால்லா இத்தற நாளும் சண்ட போட்டேன்.
நேத்து தம்பிக்க வீட்டுல போயி
மரச்சீனியும் சாளக்கறியும் தின்னேன்."

வைக்கிறேன் என்றேன்.

அந்தச் சில்லு இப்போது குண்டூசி டப்பாவில்.
கணினி ஆறு நாளாக வாய் திறக்கவில்லை.
நான்தான் சாப்பிடும்போதெல்லாம்
ஏழு, மூணு, ஏழு.

இன்றைக்கு ஆட்டோவில் போனேன்,
சரியான படி பிளாஸ்டிக் உறைக்குள்,
மழை வேறு.
தாசையன் வீட்டு முன்னால் கல் இறக்கியிருந்தது.
மதிலுக்கு நூல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்,
அண்ணன் ஒரு முனை, தம்பி ஒரு முனை.
"ஏறி வா மக்களே, நனையாத" என்றார்கள்
ரெண்டு பேரும் ஒரே நேரத்தில்.

உறையை மார்போடு பிடித்துக்கொண்டு
நூலைத் தாண்டிக் கால் வைத்தேன்.