சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன

மரிபோரில், திராவா ஆற்றங்கரையில்,
நானூறு வயது தாண்டிய திராட்சைக்கொடி
இன்னும் காய்க்கிறது.
என் கைப்பேசிக்கு வயது நாலு.
"உங்கள் கருவிக்கு இனி ஆதரவில்லை" என்கிறது,
சொத்தை எழுதிக் கொடுத்த மறுநாள்
மூத்த மகன் சொல்வதுபோல.

நான் ஸ்வோன்கோ.
நகராட்சிக் கட்டடத்தின் அடித்தளத்தில்
சர்வர்களுக்குத் தாதி.
வீட்டில் எல்லாம் லினக்ஸ்.
பிரிண்டர் மட்டும் வழிக்கு வரவில்லை,
பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை.

அரசியல் பற்றி என்னைக் கேட்காதீர்கள் என்பேன்.
கேட்காவிட்டாலும் சொல்வேன்.
தேர்தல் அறிக்கையும் புதுப் பதிப்பின் குறிப்பும்
ஒரே ஆள் எழுதுவது:
"சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன.
அனுபவம் மேம்படுத்தப்பட்டது."
எந்தப் பிழை? யாருடைய அனுபவம்?
திறந்து பார்த்தால் பொத்தானின் நிறம் மாறியிருக்கும்,
வெளியேறும் வழி
இன்னும் இரண்டு கதவு உள்ளே போயிருக்கும்.

இந்த முறை மேயருக்கு நின்ற ஆல்பின் லெஸ்னிக்
குப்பைத்தொட்டி பேசும் என்றார்,
விளக்குக்கம்பம் ஆள் எண்ணும் என்றார்,
பேருந்து நிறுத்தம் உங்கள் முகமறியும் என்றார்.
காணொளிக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது
அவர் மைக் அணைந்திருந்தது.
இருபது நிமிடம்.
(உதட்டைப் படித்துத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.)
யாரும் சொல்லவில்லை, நானும்.
அவர் ஆற்றிய உரைகளில்
குறை சொல்ல முடியாதது அது ஒன்றுதான்.

எதிரில் நின்ற நெவெங்கா சளைத்தவரல்ல.
"உங்கள் தரவு உங்களுக்கே!"
இந்த முழக்கத்தைப் படிக்க விடுமுன்
அவர் கட்சித் தளம் என் பிறந்தநாள் கேட்டது,
இருப்பிடம் கேட்டது,
முன்னூற்றுப் பன்னிரண்டு பங்காளிகளோடு
என்னைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதம் கேட்டது.
எனக்கு ஒரே ஒரு அண்ணன், ப்துயில்.
அவனோடு இருக்கும் வேலித் தகராறே தீரவில்லை.

மேல்மாடி தரிங்கா பத்திரிகையில் பிழை திருத்தினாள்.
இப்போது தலைப்பு எழுதுகிறாள்,
ஒரு செய்திக்கு இரண்டு.
எது அதிகம் சொடுக்கப்படுகிறதோ
அது நடந்ததாகிவிடும்.
"இந்த ஒரு விஷயம் தெரிந்தால் உறைந்துபோவீர்கள்."
என்ன விஷயம் தரிங்கா?
"இன்னும் முடிவாகவில்லை."

சரி, அந்த ஞாயிறு இரவுக்கு வருகிறேன்.
ஏழு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது.
ஏழு இருபதுக்கு முடிவுகள் பக்கம் படுத்தது.
ஏழரைக்குத் தொலைக்காட்சியில் ஒரு நிபுணர்,
பின்னால் பச்சை எழுத்துகள் மழையாய்ப் பொழிய,
அந்நியச் சக்தி என்றார்.
லெஸ்னிக், நெவெங்காவின் ஆட்கள் என்றார்.
நெவெங்கா பதில் சொல்லவில்லை,
விசாரணைக் கமிஷனுக்கே போய்விட்டார்.

நான் கீழே, ஆறிய காபியோடு,
வரிவரியாக இறங்கினேன்.
நாலாயிரத்துச் சொச்சமாவது வரியில்
அந்நியச் சக்தி அகப்பட்டது.
மேலே ஒரு குறிப்பு:
"தற்காலிகம். அடுத்த வாரம் ஒழுங்காக எழுதணும். ஸ்வோ."
தேதி பார்த்தேன்.
பத்தொன்பது வருடம்.
அப்போது எனக்குத் தலைமுடி இருந்தது.

இரண்டு எழுத்து மாற்றினேன்.
பக்கம் எழுந்து உட்கார்ந்தது.
பதிவேட்டில் என்ன எழுதினேன் என்று
கேட்க மாட்டீர்கள் என நம்புகிறேன்.
அந்தக் குறிப்பையும் அழிக்கவில்லை.
தற்காலிகம் என்ற சொல்லைவிட
உறுதியான எதையும் இந்த ஊரில் யாரும் கட்டியதில்லை,
பாலங்கள் நீங்கலாக.

இரவு ஒரு மணிக்கு, படிக்கட்டில்,
தரிங்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.
சிரிக்கவில்லை. வழக்கம்போல இரண்டு எழுதினாள்.
ஒன்று: "திரைக்குப் பின்னால் யார்? திணறும் அதிகாரிகள்."
மற்றது: "ஊழியரின் பழைய பிழை; சரியானது."
காலையில் கணக்கு வந்தது.
முதலாவதற்கு நாலாயிரம்.
உண்மைக்குப் பதினொன்று.

அதில் மூன்று நான்.