ரொட்டிப் பை

இரவில் கையைக் கழற்றிச்
சார்ஜில் போடுகிறேன்.
பக்கத்தில் லிசாந்த்ரோவின் போன்.
எது முதலில் நிறைகிறது என்று பார்த்தபடியே
தூங்கிப்போவேன்.

வல்திவியாவில்
மழை நின்றால்தான் செய்தி.
கை பொருத்திய அன்று யானேத் சொன்னாள்:
இது நனையக் கூடாது.
சன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்ததை
இருவரும் பார்த்தோம்.
அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

அதனால் ரொட்டி வாங்கிய பையைக்
கையில் மாட்டி
மணிக்கட்டில் ரப்பர் வளையம் போட்டு
நடக்கிறேன்.
விரலிடுக்கில் துணுக்கு ஒட்டியிருக்கும்.
மாலையில் கழற்றும்போதுதான் தெரியும்.
குடை இடக்கைக்கு.
சாவியும் இடக்கைக்கு.
வாசலில் நின்று
பல்லால் குடை மடக்கப் பழகிவிட்டேன்.

ஒட்டுப்பலகை ஆலையில்
மரத்தைத் தோலாய் உரிக்கும் எந்திரம்.
ஒரு சிராய் சிக்கியது. எடுக்கப் போனேன்.
அவ்வளவுதான்.
கேட்பவர்கள் இன்னும் கொஞ்சம் இருக்குமென்று
நின்றுகொண்டிருப்பார்கள்.

போன கை அந்தச் சிராயை
இன்னும் விடவில்லை.
நடுச்சாமத்தில் இறுக்குகிறது,
உள்ளங்கையில் நகம் புதைய.
எந்த உள்ளங்கை, எந்த நகம் என்று
கேட்காதீர்கள்.
பச்சை விளக்கின் கீழே புதுக் கை
விரித்துக் கிடக்கிறது, நிம்மதியாக.

முட்டை ஏழு உடைந்தன.
எட்டாவதைப் பத்திரமாகக் கொண்டுபோய்
வாணலி விளிம்பில் வைத்து
இப்போது உடை என்றால்
உடைக்க மாட்டேன் என்றது.

வங்கியில்
இது உங்கள் கையெழுத்து இல்லை என்றார்கள்.
உண்மைதான்.
இடக்கை இப்போதுதான் ஒன்றாம் வகுப்பு.
எர்மிந்தா என்று எழுதுவதற்குள்
இரண்டு இடத்தில் மை திட்டாகத் தேங்கி
மூச்சு வாங்குகிறது.

ஆற்றங்கரைச் சந்தையில்
கடற்சிங்கங்கள் மீன்குடலுக்குக் கத்திக்கொண்டிருக்க,
மீன்காரி மீதிச் சில்லறையைப்
புதுக் கையில் வைத்தாள்.
மற்றவர்கள் எல்லோரும்
இந்தப் பக்கத்துக் கையைத் தேடி நீட்டுவார்கள்.
இருக்கிறதா விழுந்ததா என்று
கண்தான் சொல்ல வேண்டும்.
குனிந்து எண்ணினேன்.
முந்நூறு பெசோ. சரியாக இருந்தது.

ஆகஸ்டில் ஒரு மாலை
பேருந்துக் கம்பியைப் பிடித்தபடியே
கை உயிர் விட்டது.
முந்தைய இரவு சுவிட்ச் போட மறந்திருக்கிறேன்.
பிடித்தது பிடித்தபடி.
என் நிறுத்தம் வந்தது, போனது.
ஒருவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு
விரலைப் பிரித்துப் பார்த்தார்.
பள்ளிச் சீருடையில் ஒரு பெண்
'வலிக்குதா' என்றாள்,
என்னிடம் இல்லை, கையிடம்.

மணிக்கட்டைப் பாட்டில் மூடிபோல் திருகி
நான் கழன்றுகொண்டேன்.
எனக்கு உட்கார இடம் கிடைத்தது.
கை மட்டும்
ரொட்டிப் பையோடு
கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தது,
கடைசி நிறுத்தம் வரைக்கும்.

ஓட்டுநர் ஆர்தேமியோ
தன் போன் சார்ஜரைக் கொடுத்துப் பார்த்தார்.
பொருந்தவில்லை.
முக்கால் மணி நேரம் கழித்து
லிசாந்த்ரோ சைக்கிளில் வந்தான்,
சட்டைக்குள் சார்ஜரை வைத்துக்கொண்டு.
டிக்கெட் அறையிலிருந்து ஒயர் இழுத்தார்கள்.
நடுவில் ஒரு இணைப்பு, சரியாக மழைக்கு நேரே.
அதற்கு மேல் குடை பிடித்தபடி ஆர்தேமியோ.
அவருக்குக் குடை இல்லை.
நான் மாத்தே ஊற்றிச்
சுற்றில் எல்லோருக்கும் கொடுத்தேன்,
இடக்கையால்தான்.
சிந்தியதை யாரும் பார்க்கவில்லை,
அல்லது பார்த்தார்கள்.

விளக்கு பச்சையானதும்
கையை மீண்டும் மாட்டினேன்.
திற என்று நினைத்தேன்.
கொஞ்சம் யோசித்து
ஜ்ஜ் என்று திறந்தது.

பை கிழிந்துவிட்டது.
வெளியே இன்னும் பெய்துகொண்டிருக்கிறது.
போகிற வழியில்
ரொட்டி வாங்க வேண்டும்.