எர்த் ஒயர்

லிக்செலேயில் நவம்பர்.
இரண்டரை மணிக்கே இருட்டு வந்து
ஷெட் கதவில் சாய்ந்துகொள்கிறது.
உள்ளே டிண்ட்ரா, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
என் பழைய வோல்வோவின் வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறாள்.

என்னுடையது என்று இனிச் சொல்லக் கூடாது.
பதினைந்து வயதுக்காரர்கள் ஓட்டுவதற்கென்று
இந்நாட்டுச் சட்டம் ஒரு வண்டிக்கு இடம் கொடுக்கிறது:
காகிதத்தில் அது டிராக்டர்.
முப்பதுக்கு மேல் போகாதபடி கட்டிப்போட்டு,
முதுகில் சிவப்பு முக்கோணம் ஒட்டி,
பின் இருக்கையைப் பிடுங்கிவிட வேண்டும்.
பிடுங்கினாள்.
விறகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது அது,
யாராவது வந்து ஏறிக்கொள்வார்கள் என்பதுபோல.

அந்தக் காலி இடத்துக்குத்தான் இந்தப் பெட்டி.
ஓசெலேக்காரன் ஒருவனிடம் எழுநூறு குரோனாருக்கு வாங்கிய
பன்னிரண்டு அங்குல சப்வூஃபர்;
கூம்பின் விளிம்பில் சிகரெட் சுட்ட வடு.
கம்பெனி ரேடியோவை மாற்றப் போவதில்லையாம்.
"அது அப்படியே இருக்கட்டும். அதுக்கு அடியில ஒண்ணு வேணும், அவ்வளவுதான்."
இந்த வாரத்தில் என்னிடம் அவள் பேசிய
மிக நீளமான பேச்சு.

கம்பெனி ரேடியோவை எனக்குத் தெரியும்.
ஓரளவுக்கு மேல் சத்தம் கூட்டினால்
அடித்தொனியைத் தானே விழுங்கிவிடும்,
சின்ன ஸ்பீக்கர்கள் கிழிந்துவிடக் கூடாதே என்று.
நானும் சமையலறையில் குரலை உயர்த்திப் பார்த்தவள்.
திரும்ப வருவது மெல்லிய ஒரு கீச்சு.
பிறகு கதவு.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கணும்
என்று சொல்லப் போனேன். மர லாரி ஓட்டுகிறவள்,
ஒயர் எரியும் வாடை எனக்குத் தெரியும்.
இருந்தது. அரைச் சாணில்.
சிவப்பு ஒயர் ரப்பர் வளையத்துக்குள் நுழைந்து
மிதியடிக்குக் கீழே ஒளிந்து பின்னால் போயிருந்தது.
பின் ஸ்பீக்கர் கம்பிகளைக் கிள்ளி
ரேடியோவுக்கே தெரியாமல் சிக்னல் திருடியிருந்தாள்.
என்னிடம் கேட்டது உப்புத்தாள் மட்டும்.

எர்த் ஒயருக்கு வெற்று இரும்பு வேண்டும்.
அவள் பெயின்ட் சுரண்டிய இடம்
பின் இருக்கையின் பழைய போல்ட் துளை.
வலப்பக்கம்.
அந்தத் துளைக்கு மேலேதான்
பஞ்சு உடுப்பில் உருண்டையாகிப்போன ஒருத்தியை
வாரிட்டு இறுக்கி
மூன்று குளிர்காலம் என் முதுகை உதைக்க விட்டிருந்தேன்.
சொல்லவில்லை.
இரும்பு பளிச்சென்று வந்தது.
முறுக்கினாள், இன்னும் கால் சுற்று, இன்னும்.

முதல் தடவை ஒன்றுமில்லை.
நம்பர் பிளேட்டுக்கு மட்டும் பல் கிட்டியது.
ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்தால்
சத்தம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம்.
ஆம்ப்ளிஃபையரில் சின்னப் பொத்தான்: பூச்சியம், நூற்றெண்பது.
"முன்னால இருக்கிறது தள்ளும்போது
பின்னால இருக்கிறது இழுத்தா
ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுடும்மா,"
என்றாள், என்னைப் பார்க்காமல்.
நகத்தால் தட்டினாள்.

ஷெட்டின் தகரக் கூரையிலிருந்து
பனி ஒரே பாளமாக இறங்கியது.

வியாழக்கிழமை. ஸ்டூருமன் பக்கமிருந்து வருகிறேன்,
முதுகில் பைன் மரம், மொத்தம் அறுபது டன்.
முன்னால் ஒரு சிவப்பு முக்கோணம்.
முப்பது. முந்த வழியில்லை.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை,
டீசலும் ஹீட்டரும்தான்.
ஆனால் அதன் பின்விளக்குகள்
மங்கித் தெளிந்தன, மங்கித் தெளிந்தன,
அடிக்கு ஒரு தரம்
பேட்டரி மூச்சுக் கொடுத்து வாங்க.
பாட்டு எதுவென்று தெரியாது.
ஸ்டீயரிங்கில் என் கட்டைவிரல்
முதலில் அரைத்தட்டு பிந்தியது,
பாலம் தாண்டும்போது பிடித்துக்கொண்டது.

கண்ணாடியில் பதினொரு ஜோடி விளக்குகள்.
எவனோ ஹாரன் அடித்தான்.
அடிக்கட்டும்.
இன்னொரு கியர் இறக்கினேன்.