காணப்படவில்லை

என் மேசைக்கடியில் நாற்பது பேர் பட்டினி கிடக்கிறார்கள்,
மூன்று வாரமாக.
போட்டவள் நான்தான்.
பசித்த வின்சூக்காதான் ஒழுங்காகக் குடிக்கும்.

கோச்சபாம்பா மருத்துவமனையின் பின்கட்டில்
சலவை அறைக்கும் பிணவறைக்கும் நடுவே என் அறை.
குடுவைகளில் மடித்த அட்டை,
மடிப்புகளில் முட்டையிலிருந்து நான் வளர்த்த பூச்சிகள்.
இவற்றுக்கு ரத்தம் தருபவள்
கோர்னேலியா என்ற பெட்டைக்கோழி.
கோழி ரத்தத்தில் அந்தக் கிருமி பிழைக்காது,
ஆகவே என் பூச்சிகள் சுத்தம்.
சாட்சிக்கூண்டில் ஏற அது போதும்.

ஃபெர்மின் கோந்தோ ஒரு செவ்வாய்க்கிழமை வந்தான்.
மிஸ்கே பக்கம். மண்சுவர், புல்கூரை.
ரயில்வேயில் கட்டை மாற்றும் வேலை
கைக்கெட்டி நிற்கிறது,
ஒரு காகிதம் மட்டும் பாக்கி.
ரத்தப் பரிசோதனை "சந்தேகம்" என்று சொல்லிவிட்டது.

முன்கையின் உள்பக்கம் நாலு டப்பி,
வலைத்துணி முகம் தோலில் படும்படி,
தோல்பட்டையால் இறுக்கிக் கட்டினேன்.
"வீட்டில் இதைச் செருப்பால் அடிக்கிறோம்,
இங்கே கை நீட்டி விருந்து வைக்கச் சொல்கிறீர்களே,
தோன்யா நிக்காசியா."
எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள்,
தாங்களே முதலில் சொன்னதுபோல.
நானும் முதல்முறை கேட்டவள்போலச் சிரிப்பேன்.
அரை மணி நேரம். வலிக்கவேயில்லை என்றான்.
அதில்தான் இருக்கிறது அதன் பிழைப்பு.
காகிதமாய்ப் போனவை திராட்சையாய் வந்தன.

பிறகு முப்பது நாள்.
அவனுக்குள் ஒன்றே ஒன்று இருந்து,
அது என் பூச்சிக்குள் வந்திருந்தால்,
பெருகட்டும் என்று காத்திருப்பது.

முப்பதாம் நாள்
இடுக்கியால் வயிற்றை அமுக்கி,
வந்ததை உப்புநீரில் கரைத்து, குனிந்தேன்.
இருந்தால் தெரியும்:
வாலைச் சொடுக்கிக்கொண்டு
குப்பைகளை இடித்துத் தள்ளிப் போகும்.
ஏழு. பத்தொன்பது.
முப்பத்தாறில் சூப் ஆறிப்போயிருந்தது.
நாற்பது.

"காணப்படவில்லை" என்று எழுதினேன்.
"இல்லை என்று எழுதக்கூடாதா?"
"கூடாது."
"இரண்டும் ஒன்றுதானே?"
நாற்பதும் சேர்ந்து குடித்தது இரண்டு தேக்கரண்டி, ஃபெர்மின்.
மிச்சம் ஐந்து லிட்டர் உன்னிடமே இருக்கிறது.
இதயத்தசையில் குடியேறியது
கூப்பிட்டதும் வாசலுக்கு வராது.
இதில் பாதியைத்தான் சொன்னேன்.
ரயில்வே அலுவலகத்தில் அந்தச் சொல்லைப் படிக்க நேரமில்லை,
முத்திரை குத்திவிட்டார்கள்.

மழை ஓய்ந்தபின் மறுபடி வந்தான்,
ரயில்வே சட்டையில்.
காகிதம் கேட்கவில்லை.
பையிலிருந்து ஒரு தீப்பெட்டி எடுத்தான்.
"மகள் படுக்கையில். தலையணைக்கும் சுவருக்கும் நடுவே.
உயிரோடு பிடிக்கணும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்."
உள்ளே பிறாண்டும் சத்தம்.

தேட வேண்டியிருக்கவில்லை.
கண்ணை வைத்ததும் சந்தைக் கூட்டம்.
நான் வளர்த்த நாற்பதும் காணாததை
வளர்க்காத ஒன்று கொண்டுவந்துவிட்டது.
யாரைக் குடித்ததோ.
அவனையா, நாயையா,
அடுப்பங்கரையில் ஓடும் கினிப்பன்றிகளையா?
கொண்டுவருமே தவிர, எங்கிருந்து என்று சொல்லாது.

அவனையும் பார்க்கச் சொன்னேன்.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.
"அழகா இருக்கு" என்றான்.
உடனே முகம் கறுத்துவிட்டது.

"பிள்ளைக்கு வயசு?"
"ஐந்து."
"எப்போதாவது ஒரு கண் மட்டும் வீங்கியதா?"
யோசித்தான்.
போன மாதம். குளவி என்று நினைத்தார்களாம்.
"செவ்வாய்க்கிழமை கூட்டிக்கொண்டு வா.
சின்னப் பிள்ளைகளுக்கு மருந்து கேட்கும்."
இந்த முறை முழுசாகச் சொன்னேன்,
இரண்டு தடவை.

அவன் போனபின் தோல்பட்டையை எடுத்துப் பார்த்தேன்.
கடைசித் துளையில் மாட்டினாலும்
ஐந்து வயதுக் கையிலிருந்து கழன்று விழும்.
ஊசியை அடுப்பில் பழுக்கக் காட்டி
இன்னொரு துளை போட்டேன்.
சந்தேகமாக இருந்தது.
அதற்கும் உள்ளே ஒன்று.