மூன்றாம் இரவு

கிழங்கு மூன்று இரவு ஊற வேண்டும்.
குளத்துக்கு அது தெரியும்.
தவளைக்குத் தெரியும்.
எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

அந்த ஆண்டு மழை பொய்த்தது.
கசப்பு மரவள்ளி மட்டும் நின்றது,
காய்ந்த மணலில் இன்னும் கசந்து.
கஹெம்பா சாலைக்கு லாரி வியாழக்கிழமை வரும்,
மாவுக்கு என்றும் இல்லாத விலை.
ஒரே இரவு ஊறிய மூட்டையை
இருட்டில் இழுத்துக் கரையில் போட்டேன்.

கோதலீவ் முகர்ந்து பார்த்தாள்.
"இன்னும் நாறவில்லையே."
நாறினால்தான் நஞ்சு போனதாகக் கணக்கு.
"வெயிலில் சரியாகும்" என்றேன்.

நல்லது லாரியில் போனது.
மிச்சம் எங்கள் பானையில்.
ஏழு வாரம்.
தொட்டுக்கொள்ள மீன் இல்லை, பயறு இல்லை,
உப்பும் பாதி நாள் இல்லை.

விடியலில் குடத்தை எடுக்க எழுந்த முஜிங்கா
எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.
வலி இல்லை. காய்ச்சல் இல்லை.
கால்கள் இரண்டும்
மூடிய கத்தரிக்கோல்.

கொன்சோ.
மானுக்கு வைக்கும் சுருக்குக்கும்
எங்களிடம் அதே பெயர்.
கால்கட்டு என்று உங்கள் மொழியில் சொன்னால்
கல்யாணம் என்று நினைத்துவிடுவீர்கள்.
அவளுக்கு வயது பதினொன்று.

செவிலியர் ஃபிர்மின்
ரப்பர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டினார்.
துள்ளியது கால்!
வாய்விட்டுச் சிரித்தேன்.
உயிர் இருக்கிறது, பாருங்கள், குதிக்கிறதே!
பாதத்தைப் பிடித்து மேலே தள்ளினார்.
கணுக்கால் அடித்துக்கொண்டது,
தையல் இயந்திரத்தின் ஊசி மாதிரி,
நிற்காமல்,
நான் சிரிப்பை நிறுத்திய பிறகும்.

"எலும்பு நேராக இருக்கிறது.
தசையிலும் பழுதில்லை.
மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியே
'போதும்' என்று சொல்லிக்கொண்டு இறங்கும் நரம்பு,
அதுதான் போய்விட்டது.
அடக்க ஆளில்லாத கால்
எதற்கும் துள்ளும்."

"திரும்புமா?"
சுத்தியலைத் துணியில் சுற்றினார்.
"இதற்கு மேல் மோசமாகாது" என்றார்.
வேறு நல்ல சேதி அவரிடம் இல்லை.

மாவு விற்ற காசில்
சைக்கிளுக்கு டயர் வாங்கியிருந்தேன்.
இரண்டு துண்டு வெட்டி
அவள் ஊன்றுகோல்களின் அடியில் வைத்து
ஆணி அறைந்தேன்.
மீதி டயர் சுவரில் தொங்குகிறது.
அதைப் பற்றிக் கோதலீவ்
இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குளத்துக்குப் போகும் மணலில்
கோல், கோல், விரல் நுனி, விரல் நுனி.
குதிகால் பதிந்த தடம் எங்கும் கிடையாது.
சாயங்காலமானால் கரையில் அவள்தான்.
மூட்டை இழுக்க வருகிறவர்களை நிறுத்தி
ஒரே கேள்வி கேட்கிறாள்.
பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள்.
ஒருத்தி திட்டிக்கூடப் பார்த்தாள்.

நேற்று நான் போனேன்.
"எத்தனையாவது இரவு?"
தெரியாதவனைக் கேட்பதுபோலக் கேட்டாள்.
"இரண்டு."
ஒரு கோலைக் குறுக்கே நீட்டினாள்.
"நாளைக்கு வா."