ஐந்தடி பதினொன்று

டோபி ஹெஸ்கெத்துக்கும் எனக்கும்
ஒரே உயரம்.
அந்த ஒரு தகுதிக்கு
நாளொன்றுக்கு எழுநூறு ரூபாய்,
இரண்டு வேளைச் சோறு.

கானாடுகாத்தானில் வாடகைக்கு எடுத்த வீட்டில்
விளக்கு வைத்து முடிக்கும்வரை
அவன் நிற்கவேண்டிய இடத்தில் நான் நிற்பேன்.
என் நிறத்துக்கு மீட்டர் பொய் சொல்கிறதென்று
கேமராக்காரர் முதல் நாளே
பவுடர் டப்பா வாங்கிவரச் சொன்னார்.
வெளுத்த முகம், சட்டைக்குள் ஓடும் வியர்வை,
தரையில் ஒட்டிய மஞ்சள் டேப்பில்
கட்டைவிரலைப் பொருத்தியபடி
பதினெட்டு நாள்.

"ரெடி" என்றதும் வருவான்.
நான் விட்டுப்போன சூட்டில் நிற்பான்.

வயது இருபத்துநாலு.
ஹல் என்றொரு துறைமுகம், அம்மா பஸ் ஓட்டுகிறாள்.
பள்ளி நாடகத்தில் மூன்றாவது ஆடு.
"முதல் ஆட்டுக்குக் காய்ச்சல்.
நான் இரண்டாவது ஆடானேன்.
அதுதான் என் முதல் பதவி உயர்வு" என்றான்,
ஜெனரேட்டர் வண்டி நிழலில்
மசாலா சீயத்தை ஊதி ஊதித் தின்றபடி.

அப்புறம் மதுக்கடை மாடியில்
நாற்பது நாற்காலி போட்ட அரங்கு.
கீழே கால்பந்து பார்ப்பவர்கள் கோலுக்குக் கத்தினால்
மேலே ராஜா
சாவதை நிறுத்திக் காத்திருக்க வேண்டுமாம்.
அப்புறம் டிவி.
துப்பறியும் தொடரில் பிணம்.
ஆஸ்பத்திரித் தொடரில் பிணம்.
"நாலு தடவை செத்தாச்சு, வசனமே கிடையாது."

இங்கேயும் சாகத்தான் வந்திருந்தான்:
கலெக்டரின் உதவியாளன், காலரா.
ஏழு வரி வசனம், அதில் ஒன்று தமிழ்.
"தண்ணி வேண்டாம்."
அந்த 'ண்' மட்டும் வரவேயில்லை.
செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு
பல் டாக்டரிடம் போனவன்போல
நான் வாயைத் திறந்து நாக்கை மடித்துக் காட்ட
அவன் குனிந்து பார்த்தான்.

பதினைந்தாம் இரவு கரண்ட் போனது.
எல்லோரும் வாசலில் கிடக்க
வளவு நடுவில் தனியாக நின்று
லண்டன் நாடகமொன்றின் தேர்வுக்குப் பேசிப் பழகினான்.
கத்தவில்லை.
ஆனாலும் அடுப்படியில்
தேங்காய் துருவிக்கொண்டிருந்த சிகப்பி
கையை நிறுத்தினாள்.
"யாருப்பா அழுவுறது?"

அழவில்லை, கணக்கு வாசிக்கிறான்.
வீட்டு வாடகைக் கணக்கு.
நாடகத்தில் அவ்வளவுதான் வருகிறதாம்.

வேடம் கிடைத்தது. இரண்டு நாள் முன்னதாகவே
மதுரையில் விமானம் ஏறிவிட்டான்.
மிச்சம் ஒரு ஷாட்:
காலராக்காரன் நீளப் பத்தியில் நடந்து போகிறான்.
முதுகு மட்டும்.

உயரம் சரி, தலைதான் சின்னது.
தொப்பிக்குள் தினத்தாள் மடித்து வைத்தார்கள்.
"சாகப்போறே, தெரியுமில்ல?" என்றார் டைரக்டர்.
விளக்கு வைக்க அன்றைக்கும்
நான்தான் எனக்காக நின்றேன்.
மூன்றாவது டேக்கில் ஓகே.

படம் வந்தது.
அந்த நடையைப் பற்றி ஏதோ லண்டன் பத்திரிகை
இரண்டு வரி எழுதியிருந்ததை
அவனே படம் பிடித்து அனுப்பினான்.
"ஏழு வரி பேசினேன்.
இவர்கள் உன் முதுகைத்தான் பார்த்திருக்கிறார்கள்."
கூடவே நாலு விநாடிக் குரல்.
தண்ணி வேண்டாம்.
'ண்' அப்படியே நம்மூர்.

பதில் இன்னும் போடவில்லை.
நாளைக்குக் காரைக்குடியில் மசாலா விளம்பரம்.
ஹீரோ ஐந்தடி எட்டாம்.
முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நிற்கச் சொல்கிறார்கள்.